மெதுவாக வளரும் விசுவாசத்தைக் கண்டுகொள்ள: கல்லூரி ஜெபக்குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெபக்குழுவின் கேம்ப் முடிந்து ஊர் திரும்பியதும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பேர் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தாங்க?" சபையில் கேட்பார்கள். காணிக்கை கொடுத்தவர்கள் கேட்பார்கள். போன வருடம் கமிட்டியில் இருந்த சீனியர்களும் கேட்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. கடைசி இரவுக் கூட்டத்தில் எழுந்து நின்ற மாணவியின் கண்ணீரை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே மாணவி அடுத்த ஆறு மாதம் எப்படி இருந்தாள் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை. லேப் முடிந்து, பசியோடு, செவ்வாய்க்கிழமை மாலை பைபிள் ஸ்டடிக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாளே, அதை எழுத நம் ரிப்போர்ட்டில் இடமே கிடையாது.

இதைப் பார்த்துப் பார்த்து மாணவர்களும் இந்த அளவுகோலையே பழகிக்கொள்கிறார்கள். உலுக்கிப்போட்ட அனுபவம் எதுவும் இல்லாதவன், "எனக்குச் சொல்ல சாட்சியே இல்லையே" என்று ஒதுங்கிப்போகிறான். பொறுப்பில் இருப்பவர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். கல்லூரி ஊழியத்தில் தேவன் செய்கிற வேலையில் பெரும்பகுதி ஒரு செமஸ்டருக்கும் அடுத்த செமஸ்டருக்கும் நடுவில், சத்தமில்லாமல் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பார்க்கக் கண் பழக வேண்டும், அவ்வளவுதான். எப்படிப் பழக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இ.யு. (இவாஞ்சலிக்கல் யூனியன் என்ற கல்லூரி ஜெபக்குழு) கமிட்டியில் இருக்கும் மாணவர்கள், ஹாஸ்டலில் செல் என்ற சிறு ஜெபக்குழு நடத்துகிறவர்கள், படிப்பு முடிந்தும் குழுவோடு தொடர்பில் இருக்கும் அண்ணன்மார் அக்காமார், முழுநேர ஊழியர்கள் எல்லாருக்கும் இது உதவும்.

படி 1: காலக்கணக்கை முதலில் சரிசெய்யுங்கள்

நம் ஊர் மாணவர் ஐக்கியங்களின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. (இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம்) போன்ற இயக்கங்களில் குழுவை நடத்துவது மாணவர்களேதான். 1947-இல் உருவான ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலக அளவிலான ஐக்கியத்தைச் சேர்ந்த இயக்கங்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை. இது பெரிய பலம். இருபது வயதில் பொறுப்பை ஏற்றுப் பழகியவர்கள் பிறகு சபைகளில் தூணாக நிற்பதை நாம் பார்க்கிறோம். ஆனால் கமிட்டி வருடா வருடம் மாறும். ஒரு செயலாளருக்குத் தெரிவது ஒரு வருடம் மட்டுமே. பி.எஸ்சி. மாணவனுக்கு ஆறு செமஸ்டர், பி.இ. மாணவனுக்கு எட்டு, எம்.பி.பி.எஸ். என்றால் ஹவுஸ் சர்ஜன் காலத்தோடு ஐந்தரை வருடம். அந்த முழு நீளத்தையும் கூடவே இருந்து பார்க்கிறவர் யாருமில்லை. அதனால் ஒவ்வொரு கமிட்டியும் தன் ஒரு வருடத்துக்குள் பலன் தெரிய வேண்டும் என்று அவசரப்படுகிறது.

ஒரு தாளை எடுத்து உங்கள் கல்லூரியின் முழுப் படிப்புக் காலத்தையும் கோடு போட்டு வரையுங்கள். இன்டர்னல், செமஸ்டர் தேர்வு, ஸ்டடி ஹாலிடே, கல்ச்சுரல்ஸ், கேம்பஸ் இன்டர்வியூ, ப்ராஜெக்ட் வைவா எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் மாணவன் உள்ளுக்குள் எதைச் சுமக்கிறான் என்று பக்கத்தில் எழுதுங்கள். முதல் செமஸ்டரில் வீட்டு ஞாபகம், ஆங்கில மீடியம் பயம். இரண்டாம் வருடம் நட்பு வட்டம், முதல் அரியர், காதல். மூன்றாம் வருடம் பெரும்பாலும் ஒரு வறட்சி. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காது. புதிதாக வந்த ஜூனியர்கள் மேல் எல்லார் கவனமும் போயிருக்கும், இவன் கமிட்டியில் இருந்து களைத்திருப்பான். கடைசி வருடம் வேலை, அப்பாவின் கடன், அக்காவின் கல்யாணம்.

இந்தத் தாள் முன்னால் இருந்தால், நவம்பரில் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது ஆவிக்குரிய வீழ்ச்சியா அல்லது தேர்வு நேரமா என்று பதறாமல் யோசிக்கலாம். மூன்றாம் வருடத்தில் ஒருவன் அமைதியாகிவிட்டால் உடனே "பின்மாற்றம்", அதாவது விசுவாசத்திலிருந்து பின்வாங்கிவிட்டான், என்று முத்திரை குத்தாமல், என்ன நடக்கிறது என்று விசாரிக்கத் தோன்றும்.

படி 2: வேதத்தில் தாமதமாய் வளர்ந்தவர்களோடு நான்கு வாரம்

தமிழ்ச் சபைகளில் பவுலின் தமஸ்கு வழி எல்லாருக்கும் மனப்பாடம். ஒரே நாளில் தலைகீழாக மாறிய கதை. அதே பவுல் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவைச் சந்திப்பதற்கு மூன்று வருடம் ஆனது என்று கலாத்தியர் முதல் அதிகாரம் சொல்வது அநேகருடைய கண்ணில் படுவதில்லை. வளர்ச்சியைப் பற்றி மாணவர்களின் கற்பனையை மாற்றாமல் மற்ற படிகளுக்குப் போவதில் பயனில்லை. ஆகவே நான்கு வாரம் பைபிள் ஸ்டடியை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதல் வாரம், மாற்கு 4:26-29. விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைக்கிறது. "முன்பு முளையையும், பின்பு கதிரையும், கதிரிலே நிறைந்த தானியத்தையும்" நிலம் கொடுக்கிறது. இங்கே ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: முளையாக இருக்கும்போது அது பயிரா இல்லையா? டெல்டாவிலிருந்து வந்த மாணவர்கள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். நீங்கள் தயாரித்துக்கொண்டு வந்த விளக்கத்தைவிட அவர்கள் சொல்வது நன்றாக இருக்கும்.

இரண்டாம் வாரம், மாற்கு 8:22-26. பெத்சாயிதா ஊரின் குருடன். இயேசு ஒருமுறை கைவைத்தபின், "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். அதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை, விசுவாசம் போதவில்லை என்று குற்றம் சாட்டவும் இல்லை. மறுபடியும் கைவைக்கிறார். அரைகுறையாகத் தெரிகிறது என்று அந்த மனிதன் மறைக்காமல் சொன்னான் பாருங்கள், மாணவர்களுக்கு அங்கே நிறைய இருக்கிறது. நம் குழுக்களில் "எப்படியிருக்கே?" என்றால் "ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேன்" என்றுதான் பதில் வரும். "இன்னும் தெளிவாகத் தெரியல அண்ணா" என்று சொல்ல இடம் கொடுத்திருக்கிறோமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் வாரம், நிக்கொதேமு. யோவான் 3, 7, 19 ஆகிய மூன்று அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முதலில் இராத்திரியில் வருகிறார், புரியாமல் போகிறார். பிறகு ஆலோசனைச் சங்கத்தில், விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஏச்சு வாங்குகிறார். கடைசியில், சீஷர்கள் ஓடிப்போன நேரத்தில், ஏறக்குறைய நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு பகிரங்கமாகக் கல்லறைக்கு வருகிறார். மூன்றாம் அதிகாரத்தின் முடிவில் ஒரு ரிப்போர்ட் எழுதியிருந்தால் நிக்கொதேமுவைப் பற்றி என்ன எழுதியிருப்போம்? குழுவாகப் பிரிந்து அந்த ரிப்போர்ட்டை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் வாரம், மாற்கு என்னும் யோவான். அப்போஸ்தலர் 13-இல் பவுலின் ஊழியப் பயணத்திலிருந்து பாதியில் திரும்பிவிடுகிறான். 15-இல் அவனை முன்னிட்டே பவுலும் பர்னபாவும் பிரிகிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் கழித்து, சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார்: மாற்கை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். இடையில் பர்னபா அவனோடு சீப்புருவுக்குக் கப்பலேறினார். அவன் எப்படி மாறினான் என்று வேதம் விவரம் சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பற்றிப் பேசுங்கள். நம் குழுவில் பர்னபா யார் என்ற கேள்வியோடு முடிக்கலாம்.

படி 3: எங்கே பார்ப்பது

மேடையில் பார்க்காதீர்கள். கலாத்தியர் 5:22-23-இல் உள்ள பட்டியலை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். மைக்கைப் பிடித்து ஆராதனை நடத்துகிறவனிடம் இவற்றில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இவையெல்லாம் வெளிப்படும் இடம் மெஸ் வரிசை, ஹாஸ்டல் அறை, லேப், வீட்டுக்குப் போகும் ரயில்.

லேப் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ரீடிங் சரியாக வராதபோது, கிராஃப் நேர்க்கோடாக வரும்படி எண்களைத் திருத்தி எழுதுவது எல்லாரும் செய்கிறதுதான். பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதும், எழுபத்தைந்து சதவீத வருகைக்காக ப்ராக்ஸி கொடுப்பதும் அப்படியே. ஒரு மாணவன் மூன்றாம் செமஸ்டரில், "எனக்கு இந்த ரீடிங்தான் வந்தது சார்" என்று தப்பான எண்ணையே எழுதிக் கொடுக்கிறான் என்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அவனே அதை ஆவிக்குரிய விஷயமாக நினைத்திருக்க மாட்டான். ஜெபக்கூட்டத்தில் சொல்லவும் மாட்டான். நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஜெபத்தைக் கவனியுங்கள். அழகாக ஜெபிக்கிறானா என்பதை விடுங்கள். யாருக்காக ஜெபிக்கிறான்? முதலில் தன் தேர்வுக்காக மட்டும் கேட்கிறவன், ஒருநாள் அறைத்தோழனின் அப்பாவுடைய ஆபரேஷனுக்காகக் கேட்கிறான். இன்னொரு நாள் எதையும் கேட்காமல் நன்றி மட்டும் சொல்கிறான். வேறொரு நாள், "நான் அவனிடம் பேசியது தப்பு" என்று அறிக்கையிடுகிறான். இந்த நகர்வுக்குச் சில நேரம் இரண்டு வருடம் பிடிக்கும்.

கேள்விகளையும் கவனியுங்கள். மௌனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள், "அக்கா, யோபுக்கு நடந்தது நியாயமா?" என்று கேட்டால் அது பின்னடைவு இல்லை. அவள் வேதத்தை உண்மையிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அரியர் விழுந்ததை வீட்டில் மறைத்தவன் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டான் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சாதி. இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் சக மாணவர்களால் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் நம் குழுவிலும் இருக்கிறார்கள். சபைகளிலும் சாதி இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். திருமணப் பேச்சு வரும்போது, "நம்ம ஆளுங்களா?" என்று கேட்கிற விசுவாசிகளைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். முதல் வருடத்தில் தன் ஊர்க்காரர்களோடு மட்டுமே சாப்பிடப் போகிறவன், மூன்றாம் வருடத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்? யாரைத் தன் வீட்டுத் திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ அழைத்துக்கொண்டு போகிறான்? வீட்டில் ஒருவர் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசும்போது, "அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்று ஒரு வார்த்தை வருகிறதா? ஒரே பிரசங்கத்தில் இது மாறாது. பல தலைமுறை சேர்த்துவைத்த பழக்கம் மூன்று நான்கு வருடத்தில் சற்று நகர்ந்தாலே அது பெரிய கிருபை. நான் மிகவும் ஆவலோடு தேடும் அடையாளம் இதுதான். கேம்பில் எத்தனை கைகள் உயர்ந்தன என்பதைவிட, ஒரே தட்டில் எத்தனை கைகள் சேர்ந்தன என்பது எனக்கு அதிகம் சொல்கிறது.

இந்துக் குடும்பத்திலிருந்து வந்து இயேசுவைப் பற்றி அறிய விரும்பும் மாணவர்களிடம் இன்னும் அதிகப் பொறுமை வேண்டும். அநேகருக்கு முதல் வருடத்தில் பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்காது. அவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்காதீர்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாமா என்று தயங்க வைக்காதீர்கள். "இயேசுவைத் தெரிந்துகொண்ட பிறகு என் பிள்ளை வீட்டில் இன்னும் பொறுப்பாக இருக்கிறான்" என்று அம்மா உணர்ந்தால் அதுவும் வளர்ச்சிதான். அவர்களுடைய முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

படி 4: ஒரு நோட்டு வாங்குங்கள்

ஞாபகத்தை நம்ப வேண்டாம். வளர்ச்சி மெதுவாக நடக்கும்போது, கூடவே இருப்பவர்களுக்கு அது தெரியாது. எழுதிவைத்தால் மட்டுமே தெரியும். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ஒருவருக்கு இரண்டு பக்கம். மாதத்துக்கு ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. பார்த்ததை, கேட்டதை மட்டும் எழுதுங்கள். தீர்ப்பு எழுதாதீர்கள். "விசுவாசத்தில் பலவீனம்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அதை வாசித்து என்ன புரியும்? ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

ஆகஸ்ட்: பைபிள் ஸ்டடியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர்: "அண்ணா, மேத்ஸுக்கு ஜெபம் பண்ணிக்கோங்க" என்று மெசேஜ். அவனாக அனுப்பிய முதல் மெசேஜ்.

பிப்ரவரி: சத்தமாக ஜெபித்தான். இரண்டே வாக்கியம். இரண்டாவது வாக்கியம் ரூம்மேட்டின் அப்பாவுக்காக.

ஜூலை: லீவில் ஊரில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்ததை ஏதோ பேச்சுவாக்கில் சொன்னான்.

நான்கு வரிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வாசித்தால் ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. அவர்கள் நம்பிச் சொன்ன பாவ அறிக்கை, குடும்ப ரகசியம், நோய், காதல் எதையும் இந்த நோட்டில் எழுதக் கூடாது. நோட்டை அறையில் யார் கையிலும் படும்படி வைக்கக் கூடாது. எக்செல் ஷீட் போட்டுக் கமிட்டிக்குப் பகிர்வதும், வாட்ஸ்அப் குரூப்பில் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் போடுவதும் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் போட்டு ஒருவரோடு ஒருவரை ஒப்பிட ஆரம்பித்தால் அன்றைக்கே நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

படி 5: தனியாக உட்கார்ந்து பேசுங்கள்

ஒரு செமஸ்டருக்கு இரண்டு முறை, ஒவ்வொருவரோடும் முக்கால் மணி நேரம். கல்லூரி வாசலில் உள்ள டீக்கடை போதும். மாணவிகளோடு அக்காமார் பேசட்டும், எப்போதும் நாலு பேர் பார்க்கும் இடத்தில். "க்வயட் டைம் (தினமும் தனியாக வேதம் வாசித்து ஜெபிக்கும் நேரம்) ஒழுங்கா எடுக்கிறியா?" என்று தொடங்கினால் அது வைவா ஆகிவிடும். அவனும் வைவாவில் சொல்கிற பதிலைத்தான் சொல்வான்.

எனக்குப் பயன்பட்ட கேள்விகள் சில: போன வருடம் இதே நேரம் எதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாய்? இப்போது அந்தக் கவலை எப்படி இருக்கிறது? வேதத்தில் எந்தப் பகுதி புரியாமல் உறுத்துகிறது? வீட்டில் யாரிடம் பேசுவது இப்போது சுலபமாகியிருக்கிறது, யாரிடம் கஷ்டமாகியிருக்கிறது? எதை விட்டுவிட முடியாமல் தவிக்கிறாய்? கடைசிக் கேள்விக்கு முதல் முறை பதில் வராது. வராவிட்டால் பரவாயில்லை, டீயைக் குடித்துவிட்டு வேறு எதையாவது பேசுங்கள்.

முதல் கேள்வி எளிமையாகத் தெரியும். ஆனால் மாணவன் தன் வளர்ச்சியைத் தானே கண்டுபிடிப்பது அங்கேதான். "அப்போ எனக்கு இங்கிலீஷ்ல பேசணும்னாலே பயம் அண்ணா. இப்போ பயம் இருக்கு, ஆனா ஜெபம் பண்ணிட்டுப் போய் நிக்கிறேன்" என்று அவன் வாயாலேயே வரும்போது நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

படி 6: கண்டதைச் சொல்லுங்கள்

நம் ஊரில் முகத்துக்கு நேரே பாராட்டினால் பெருமை வந்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. சபைகளில் அது இன்னும் அதிகம். பவுலுக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே, "உங்கள் விசுவாசம் மிகவும் பெருகுகிறபடியினாலும்" தேவனை ஸ்தோத்திரிக்கக் கடனாளிகளாயிருக்கிறோம் என்று அவர்களுக்கே எழுதுகிறார். பாராட்டு தேவனுக்குப் போகிறது, ஆனால் அது அவர்கள் காதில் விழும்படி போகிறது. தீமோத்தேயுவுக்கும், "நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி" என்று எழுதுகிறார். முழுமையடைந்த பிறகு காட்டு என்று சொல்லவில்லை. தேறிக்கொண்டிருப்பதே மற்றவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று.

அதனால் குறிப்பாகச் சொல்லுங்கள். "நீ நல்லா வளர்ந்துட்டே தம்பி" என்பதில் ஒன்றுமில்லை. "போன வாரம் அவன் உன்னைக் கிண்டல் பண்ணினப்போ நீ திருப்பிப் பேசல. இரண்டாம் செமஸ்டர்ல இருந்த நீயா இருந்தா சண்டை வந்திருக்கும். அதுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்" என்று சொன்னால் அவன் அதை வருடக்கணக்கில் மறக்க மாட்டான். தனியாகச் சொல்வது நல்லது. வீட்டுக்குப் போகிற நாளுக்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. ஊரில் அவனை இன்னும் பழைய ஆளாகவே நடத்துவார்கள், கையில் இந்த வார்த்தை இருக்கட்டும்.

படி 7: சறுக்கும்போது

வளர்ச்சி நேர்க்கோட்டில் போகாது. ஒரு செமஸ்டர் முழுக்க ஒருவன் கூட்டத்துக்கு வராமல் இருப்பான். போனை எடுக்க மாட்டான். இந்த நேரத்தில் நோட்டின் பழைய பக்கங்கள் உங்களுக்கே உதவும். "நெரிந்த நாணலை முறியாமலும், மங்கியெரிகிற திரியை அணையாமலும்" இருப்பவரின் வேலையைச் செய்கிறோம் என்பதை மறக்காமல், வாரம் ஒரு சின்ன மெசேஜ் அனுப்புங்கள். கூட்டத்துக்குக் கூப்பிடாத மெசேஜாக இருக்கட்டும். "சாப்பிட்டியா?" போதும்.

ஆனால் பொறுமை பொருந்தாத இடங்களும் உண்டு. ஒருவன் ஒரு மாணவியிடம் தவறாக நடந்துகொண்டால், ராகிங் செய்தால், காணிக்கைப் பணத்தில் கைவைத்தால், "அவன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான்" என்று மூடி மறைப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் துரோகம். பொறுப்பிலிருந்து உடனே விலக்க வேண்டும். கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போக வேண்டியதற்குப் போக வேண்டும். மன்னிப்பும் மறுசீரமைப்பும் அதற்குப் பிறகு, தனி வழியில் நடக்கட்டும்.

அதேபோல, தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆர்வம் இல்லாமல் வாரக்கணக்கில் ஒருவர் இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி உபவாசம் போடச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே பெற்றோர், வார்டன், மருத்துவர் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கொடுத்த வாக்கு இந்த விஷயத்தில் உங்களைக் கட்டுப்படுத்தாது.

படி 8: சாட்சி நேரத்தையும் ரிப்போர்ட்டையும் மாற்றுங்கள்

சாட்சி நேரத்தில் பெரிய அற்புதங்களே வந்தால், குழு அதையே எதிர்பார்க்கும். மாதம் ஒரு கூட்டத்தில் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இந்த மாதம் கர்த்தர் உன்னிடம் மாற்றிய சின்ன விஷயம் ஒன்று சொல்." இரண்டு நிமிடம் மட்டும். முதலில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் உண்மையாகவே சின்னதாக ஒன்றைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். "அம்மாவிடம் போனில் எரிந்துவிழுவது குறைந்திருக்கிறது" என்றால் சரி. இன்னும் குறையவில்லை, ஆனால் எரிந்துவிழுந்த பிறகு திரும்பக் கூப்பிட்டு ஸாரி சொல்கிறேன் என்றால் அதுவும் சரி.

ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இருக்கட்டும். கணக்குக் கொடுப்பது நேர்மை. அதோடு ஒரு பத்தி, பெயரில்லாமல், அடையாளம் தெரியாதபடி, நீண்ட காலமாக நடக்கும் ஒரு மாற்றத்தை எழுதுங்கள். ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் எதிர்பார்க்கிறார்கள் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். வாசித்துவிட்டுப் போன் செய்து, "அந்தப் பையனுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்கிற பாட்டிமார் சபையில் இருக்கிறார்கள்.

படி 9: ஒப்படைத்து அனுப்புங்கள்

கமிட்டி மாறும்போது கணக்குப் புத்தகம், ஸ்பீக்கர், பாட்டுப் புத்தகங்கள் கைமாறுகின்றன. ஆட்களைப் பற்றிய அறிவு கைமாறுவதில்லை. பழைய பொறுப்பாளரும் புதியவரும் ஒரு மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக எடுத்து, "இவனிடம் நான் கண்ட நல்ல மாற்றம் இது" என்று ஒன்றை மட்டும் சொல்லி ஜெபிக்கட்டும். குறைகளைச் சொல்ல வேண்டாம். புதியவர் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசி வருட மாணவர்களுக்குப் பிரியாவிடைக் கூட்டத்தில் சால்வையும் புகைப்படமும் கொடுப்பதோடு, அவரவர் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். நகல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், வேலை கிடைத்துப் போன முதல் ஆறு மாதம் விடாமல் பேசுங்கள். ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ நைட் ஷிஃப்டில், ஞாயிறு காலை தூங்கிப்போகும் மாதங்கள் இவை. நண்பர் வட்டமும் கிட்டாரும் பைபிள் ஸ்டடியும் இருந்த குழுவிலிருந்து போனவர்களுக்கு உள்ளூர் சபை சப்பென்று தெரியும். "இங்கே யாருக்கும் ஆர்வமே இல்லை அண்ணா" என்பார்கள். அப்போது மறுக்க வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள்: மூன்று மாதம் அதே சபைக்குப் போ, அங்கே உள்ள ஒரே ஒருவரைக் கவனி, பாய் விரிக்கிறவரோ காணிக்கை எண்ணுகிறவரோ யாரானாலும் சரி, அவரிடம் கர்த்தர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்து எனக்குச் சொல். சொன்ன தேதியில் நீங்களே போன் செய்து கேளுங்கள்.